பதினோராவது சுற்று

நயினாதீவில் மனிதன் ஓட வேண்டிய தேவையே இல்லை என்பதை உலகில் முதன்முதலாக நிறுவியவன் நான். இதை அடக்கத்தோடுதான் சொல்கிறேன். அக்கரைத் துறையான குறிகட்டுவானில் படகு ஆள் நிரம்பினால்தான் வெளிக்கிடும். ஓடி வந்தவனும் நடந்து வந்தவனும் ஒரே பலகையில் இருந்துதான் வியர்க்க வேண்டும். பஸ் படகுக்காக நிற்கும். படகு பஸ்ஸுக்காக நிற்கும். இங்கே ஒருவன் உண்மையாகவே ஓடத் தொடங்கினால் வேகம் பிடிப்பதற்குள் மறுகரை வந்துவிடும். அதற்குப் பிறகு நீந்த வேண்டும். அது வேறு துறை.

இந்த ஆய்வைப் பல்கலைக்கழகத்தில் எங்கள் பீடத்தின் கையெழுத்துச் சுவர்ச் சஞ்சிகையில் வெளியிட்டேன். மூன்று பேர் வாசித்தார்கள். அதில் ஒருவர் அதை ஒட்டியவர். கட்டுரையின் கடைசி வரி இது: 'இதை எழுதிய கஜமுகன் தன் வாழ்நாளில் ஓட மாட்டான். ஓட்டம் சம்பந்தப்பட்ட எந்தக் கருவியையும் தொடவும் மாட்டான்.'

அது ஒட்டப்பட்ட அதே கிழமை என் அக்கா சிவப்பிரியா ஓடத் தொடங்கினாள்.

அக்காவுக்கு அப்போது இருபத்துநாலு. முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். எங்கள் அப்பா கைலாசபதிக் குருக்கள், தீவின் மேற்குப் பக்கம் ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலில் பூசை செய்கிறவர். அந்த வீட்டுப் பெண், ஒரு மத்தியானச் சாப்பாட்டில், கத்தரிக்காய்க் குழம்புக்கும் மோருக்கும் இடையில், தான் கடற்படையின் பெண்கள் பிரிவுக்கு விண்ணப்பித்திருப்பதாகச் சொன்னாள்.

அப்பா மோரைக் குடித்து முடித்தார்.

"ஏன் பிள்ளை?"

"அம்மாவைக் கொண்டுபோன நாள் ஞாபகம் இருக்கே அப்பா?"

இருந்தது. முந்திய வருடம் அம்மாவுக்கு நெஞ்சு நோ வந்து கடற்படையின் அவசரப் படகில் ஏற்றினோம். படகிலிருந்த பெடியன் நல்ல பெடியன். கரை சேரும் வரை அம்மாவின் கையை விடவில்லை. ஆனால் அவனுக்குத் தமிழில் 'வாங்கோ', 'இருங்கோ' இரண்டும்தான் தெரியும். அம்மாவுக்குச் சிங்களத்தில் அந்த இரண்டும் தெரியாது. எங்கே நோகிறது, எப்போது தொடங்கியது, என்ன மருந்துக் குளிசை போடுகிறவ என்று அவன் கேட்டதையெல்லாம், கடற்காற்றில் கத்திக் கத்தி மாற்றிச் சொன்னவள் அக்கா.

"அண்டைக்கு நான் நிண்டனான். நாளைக்கு வேறை ஆரின்ரையோ அம்மாவை ஏத்துவினம். அந்தப் படகிலை தமிழ் தெரிஞ்ச ஒராள் நிக்க வேணும்."

அப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்தார். அவர் கோபப்படுகிற ஆள் அல்ல. முடிவைத் தானே சொல்லி எனக்குத் தெரியாது, பிள்ளையாரிடம் தள்ளிவிடுவார்.

"இந்த ஒருக்கா போ. மிச்சம் பிள்ளையார் விட்ட வழி. எடுத்தினம் எண்டால் நான் மறிக்கேல்லை. எடுக்காட்டி, சுவிசிலையிருந்து கேட்ட சம்மந்தத்துக்கு ஓமெண்டு சொல்லிப்போடுவன். பேந்து இந்தக் கதை வேண்டாம்."

"ஓம் அப்பா."

ஒருக்காதான் என்பதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. இருபத்தைந்து வயது முடிந்தால் விண்ணப்பிக்க ஏலாது. வருகிற ஆடியில் அவளுக்கு இருபத்தைந்து முடிகிறது. உடற்தகுதிச் சோதனை வைகாசியில். கையில் இருந்தது எட்டு மாதம்.

சோதனையில் தண்டால் உண்டு, மல்லாந்து கிடந்து எழும்புவது உண்டு. இரண்டும் அவளுக்குப் பிரச்சினை இல்லை. பிள்ளையாருக்கு முன்னால் நூற்றெட்டுத் தோப்புக்கரணம் போட்டு வளர்ந்த உடம்பு. மல்லாந்து எழும்பும்போது நான் அவள் பாதங்களின் மேல் குந்தியிருந்து பேப்பர் வாசிப்பேன். நாட்டின் பாதுகாப்புக்கு என் நிறை நேரடியாகப் பயன்பட்ட காலம் அது. பிரச்சினை ஓட்டம். இரண்டாயிரத்து நானூறு மீற்றரைப் பதினாலு நிமிடத்துக்குள் ஓட வேண்டும்.

எங்கே ஓடுவது? பெட்டைகள் றோட்டில் ஓடினால் தீவு முழுக்க வேலியால் எட்டிப் பார்க்கும். கோயிலைச் சுற்றியிருக்கும் வெளிவீதிதான் மிச்சம். விடியப்புறம் அப்பா நடை திறக்க முதல் ஒரு சனமும் இருக்காது, மணல், வழுக்காது. அப்பாவிடம் கேட்டபோது, "ஓடிச் சுத்தினாலும் சுத்துறது சுத்துறதுதான். ஆனால் வலமாய்த்தான் சுத்த வேணும்" என்றார். வீதியில் செருப்பும் ஆகாது. ஆகவே படைக்குப் போக இருந்த அக்கா, வெறுங்காலோடு, பிள்ளையாரை வலம் வந்து வந்து பயிற்சி எடுத்தாள். மாதத்தில் நாலைந்து நாள் வீதிக்குள் கால் வைக்க முடியாது. அந்த நாட்களில் இறங்குதுறை றோட்டில் சப்பாத்துப் போட்டு ஓடினாள். அங்கே நேரம் பார்க்க மூன்று நாய்கள் இருந்தன.

கோயில் வீதியில் நேரம் பார்த்தவன் நான். தூரத்தை அளந்து கொடுத்தவனும் நான்.

போனில் அளந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்கு ஓட்டக்காரர்களின் செயலி ஒன்றை இறக்க வேண்டும். கட்டுரையின் கடைசி வரியை எழுதிய ஒருவனின் போனில் அது இருப்பதை யாராவது கண்டால் என் எழுத்துலக வாழ்வு முடிந்தது. கோயிலுக்கு எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் தம்பிராசா அண்ணையிடம் மேசன் வேலை செய்த காலத்து அளவு நாடா ஒன்று இருந்தது. எழும்பிப் போய்க் கேட்கப் பஞ்சியாக இருந்தது.

அம்மாவிடம் எண் இருந்தது. நான் உயர்தரம் எழுதிய வருடம் நான் பாஸாக வேண்டும் என்று அம்மா ஒரு நேர்த்தி வைத்தாள். ஒரு பாதத்தின் விரலோடு மற்றப் பாதத்தின் குதி முட்ட முட்ட வைத்து, ஒவ்வொரு அடிக்கும் பிள்ளையாரின் பெயரைச் சொல்லி, வெளிவீதியை ஒருமுறை சுற்றி வருகிற நேர்த்தி. அதைப் பற்றியும் நான் ஒரு பகிடி எழுதியிருந்தேன்.

"அம்மா, வீதி சுத்த எத்தினை அடி வந்தது?"

"தொளாயிரத்து அறுபது" என்றாள் அம்மா, தேங்காய் திருவுவதை நிறுத்தாமல்.

"எண்ணினனீங்களே?"

"பெத்த பிள்ளைக்குச் செய்யேக்கை எண்ணாமல் விடுவனே?"

நான் கணக்குப் போட்டேன். ஒரு பாதம் இருபத்தைந்து சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொண்டேன். பெருக்க வசதியான எண். தொளாயிரத்து அறுபது தர இருபத்தைந்து: இருநூற்று நாற்பது மீற்றர். பத்துச் சுற்று, இரண்டாயிரத்து நானூறு. அச்சொட்டாக. படைக்கு ஆள் சேர்க்கவென்றே கட்டிய கோயில் மாதிரி.

"பாத்தியே அக்கா, உன்ரை சோதினையைப் பிள்ளையார் நூறு வருசத்துக்கு முதலே அளந்து வைச்சிருக்கிறார்."

அக்கா அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். அவளுக்குக் கணக்கில் என்னைவிடக் கெட்டித்தனம் உண்டு. பெருக்கலைச் சரிபார்த்தாள். பெருக்கல் சரி.

முதல் நாள் ஆறு சுற்றில், தேர் நிறுத்துகிற தேர்முட்டியடியில், குடித்த தண்ணீரையும் சத்தி எடுத்தாள். இரண்டாம் மாதம் பத்துச் சுற்றையும் பதினாறு நிமிடத்தில் முடித்தாள். நான் தேர்முட்டிப் படியில் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்து, சுற்றுக்கு ஒரு சிப்பி வைத்து எண்ணுவேன். பத்தாவது சிப்பியில் "நிப்பாட்டு" என்று கத்துவேன். அவள் நின்று, குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு?" என்பாள். உலகத்தில் என்னிடம் அவ்வளவு ஆவலாக எவரும் எதையும் கேட்டதில்லை.

தம்பிராசா அண்ணை மட்டும் கடையைத் திறந்துகொண்டே கத்துவார். "சின்ன ஐயா, அக்காவை ஆர் துரத்தினம்?"

"வயசு அண்ணை."

ஒன்றை மட்டும் எனக்குப் பகிடியாக எழுத வரவில்லை. கோயிலுக்கு நாலு வீடு தள்ளி சறோஜினிதேவி மாமி இருக்கிறா. அவவின் மகன் சண்டை முடிந்த வருடம் வன்னியில் காணாமற்போனவன். பதினைந்து வருடமாக ஒரு நாளும் தவறாமல் காலைப் பூசைக்குச் செம்பரத்தம்பூக் கொண்டு வருகிறவ, அக்கா எதற்காக ஓடுகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து வருவதை நிறுத்திவிட்டா. அக்கா அதைக் கவனித்தாள். அன்று ஒரு சுற்றில் வேகம் குறைந்தது. பிறகு பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பூசைக்குச் செம்பரத்தம்பூவை அக்காவே பிடுங்கி வைத்தாள்.

சித்திரை முடியும்போது அவளுடைய நேரம் பதின்மூன்று நிமிடம் பத்து விநாடி.

"அம்பது விநாடி மிச்சம்" என்றேன். "இனி நீ நடந்து போனாலும் எடுப்பினம்."

அக்கா மூச்சு வாங்கினாள். முகம் முழுக்கச் சிரிப்பு. பிறகு சொன்னதைத்தான் நான் இப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"டேய், இன்னுமொரு சுத்து ஓடிப் பாக்கட்டே? சும்மா, ஒரு பலத்துக்கு."

"பதினோராவது சுத்தோ? பிள்ளையாருக்குத் தலை சுத்தும். வா, தேத்தண்ணி ஆறுது."

அவள் வந்தாள்.

சோதனை யாழ்ப்பாணத்துக்கு அப்பால் ஒரு மைதானத்தில். முதல் படகில் போனோம். அப்பா வரவில்லை, அவளுடைய நெற்றியில் திருநீறு பூசி, கொஞ்சத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டார். அம்மா, "பாஸ் பண்ணினால் வீதி சுத்துறன் எண்டு நேர்த்தி வைச்சிருக்கிறன்" என்று என் காதில் மட்டும் சொன்னாள். நெஞ்சு நோக்காரி. நான் அதற்கும் ஏதோ பகிடி சொன்னேன்.

மைதானத்தில் நாற்பது பெட்டைகள் இருந்தார்கள். சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தது. சுற்றுக்கு நானூறு மீற்றர், ஆறு சுற்று. அக்காவின் முதுகில் முப்பத்தொன்று என்ற இலக்கத் துணியைக் குத்தினார்கள். தண்டாலிலும் எழும்புவதிலும் முதல் ஐந்துக்குள் வந்தாள். பிறகு ஓட்டத்துக்கு நின்றார்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்து இடது கையைக் காட்டிச் சிரித்தாள். அப்போதுதான் கவனித்தேன்: அங்கே எல்லோரும் இடப்பக்கமாகச் சுற்றுகிறார்கள். எட்டு மாதம் வலம் வந்த பிள்ளை.

வேலிக்கு வெளியே வேம்பின் கீழ் நின்று போனில் நேரம் பார்த்தேன். நாலு சுற்று வரை கடவுளுக்கே பிடிக்கிற ஓட்டம். ஐந்தாவதில் இரண்டு பேரை முந்தினாள். ஐந்தரைச் சுற்றில், தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால், என் போன் பன்னிரண்டு நிமிடம் ஐம்பத்தைந்து விநாடி காட்டியபோது, அவளுடைய தோள்கள் கீழே இறங்கின. யாரோ "நிப்பாட்டு" என்று சொன்ன மாதிரி. மற்றவர்கள் அந்த இடத்தில்தான் காலை எட்டிப் போட்டார்கள். அவள் வாயைத் திறந்துகொண்டு, கையை வீசி வீசி, காலை இழுத்துக்கொண்டு வந்தாள். இல்லாத ஒன்றைத் தேடி எடுக்கப் பார்க்கிற முகம்.

பதினாலு நிமிடம் ஒன்பது விநாடி.

பதிவு எழுதிக்கொண்டிருந்த அலுவலர் நடுத்தர வயதுப் பெண். அக்கா அவவிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டாள். அவ நிமிர்ந்து பார்த்து, இவ்வளவு நல்ல சிங்களமா என்பது போலச் சிரித்து, தமிழிலேயே, "அடுத்த தரம் வாங்க மகள்" என்றா. பிறகு விண்ணப்பக் கோவையில் பிறந்த திகதியைப் பார்த்தா. பேனையை மூடிவிட்டு, அக்காவின் தோளில் கையை வைத்தா.

திரும்பி வரும் பஸ் பண்ணைப் பாலத்தில் ஏறியது. இரு பக்கமும் தண்ணீர். அக்கா வெளியே பார்த்தபடி கேட்டாள்.

"அம்பது விநாடி மிச்சம் எண்டெல்லோ சொன்னனீ?"

"ஓம்."

"எங்கையடா போனது?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாத இடத்தில் நான் எப்போதும் செய்கிறதைச் செய்தேன்.

"இடப்பக்கம் ஓடினதாலை. எட்டு மாசம் வலம் வந்த கால். திடீரெண்டு இடம் போகச் சொன்னால் அது பிள்ளையாரிட்டைக் கேட்டுத்தானே போகும். போய்க் கேட்டு வர ஒம்பது விநாடி."

அக்கா சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். சிரித்துச் சிரித்து, கடைசியில் சால்வையை வாய்க்குள் வைத்து அடைத்துக்கொண்டாள். நடத்துநர் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த நாள் சறோஜினிதேவி மாமி காலைப் பூசைக்கு வந்தா. செம்பரத்தம்பூவை அக்காவின் கையில் கொடுத்தா. அக்கா வாங்கினாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அப்பா சுவிசுக்கு ஓமென்றார். மாப்பிள்ளை வாகீசன், அங்கே ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்துக்குள் இருக்கும் கோயிலில் பூசை செய்கிறவர். சாந்தமான ஆள். அவரில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் முயன்று பார்த்தேன். 'வலமும் இடமும்: ஒரு விஞ்ஞான நோக்கு' என்று ஒரு கட்டுரையைச் சுவர்ச் சஞ்சிகைக்கு எழுதினேன். இந்த முறை பதினொரு பேர் வாசித்தார்கள். அக்காவும் வாசித்தாள். "நல்லாயிருக்கு" என்றாள்.

கலியாணம் ஆவணியில். அதற்கு ஒரு கிழமை முதல் அம்மாவுக்குப் புதுச் செருப்பு வாங்க நான் பட்டினத்துக்குப் போக வேண்டியிருந்தது. கடைக்கு அம்மா வரமாட்டாள். பாதத்தைக் கீறிக்கொண்டு போக வேண்டும். குசினியில் பேப்பர் ஒன்றை விரித்தேன். அம்மா அதில் ஏறி நின்றாள். நான் கீழே குந்தி, பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கீறினேன்.

"கூசுதடா."

"அசையாதேங்கோ."

அவள் இறங்கிப் போன பிறகு, கடைக்காரனுக்குச் சொல்லவென்று, படிப்பு மேசையிலிருந்த அடிமட்டத்தை எடுத்துக் குதியிலிருந்து பெருவிரல் வரை வைத்துப் பார்த்தேன்.

இருபத்துமூன்று.

அடிமட்டத்தைத் திருப்பி வைத்தேன். இருபத்துமூன்று. பேப்பரின் ஓரத்தில் பெருக்கினேன். வீதி இருநூற்று இருபத்தொரு மீற்றர். பத்துச் சுற்று, இரண்டாயிரத்து இருநூற்றுச் சொச்சம். மைதானத்தில் அது ஐந்தரைச் சுற்று. தண்ணீர்த் தாங்கி. பதினோரு சுற்று ஓடியிருந்தால் இரண்டாயிரத்து நானூறும் முடிந்து கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

அக்காவின் கால்கள் ஒரு பிழையும் விடவில்லை. நான் சொல்லிக் கொடுத்த இடத்தில் சரியாக முடிந்திருக்கின்றன.

"என்னடா, அவ்வளவு பெரிய காலோ?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"இல்லை அம்மா" என்றேன். "சின்னக் கால்."

அக்காவிடம் சொல்லப் பல நேரம் வந்தது. தாலி கட்டிய அன்று வந்தது. விசா வந்த அன்று வந்தது. மார்கழியில் இறங்குதுறையில் பெட்டிகளைப் படகில் ஏற்றிவிட்டு நின்றபோது, வேறு நேரம் இல்லை என்று தெரிந்தே வந்தது. அவள் புதுச் சேலைத் தலைப்பைக் காற்றுக்குப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தாள்.

"டேய், உண்மையைச் சொல்லு. அண்டைக்கு இடம் மாறி ஓடினதாலைதானே?"

இத்தனை வருடம் ஒரு நிமிடம் ஓயாத வாய் எனக்கு.

"ஓம்" என்றேன்.

"அப்ப சரி" என்றாள். அவளுக்கு அது ஏதோ பெரிய ஆறுதல் போல இருந்தது. படகில் ஏறினாள். அன்று படகு ஆள் நிரம்பும் வரைகூட நிற்கவில்லை.

மாசியில் ஒரு பின்னேரம் போனில் செய்தி வந்தது. ஒரு படம்: சாம்பல் நிறத்தில் ஏரி, கரையில் பனி, ஓரத்தில் அவளுடைய சப்பாத்து முனை. கீழே எழுதியிருந்தாள்.

'இங்கை ஏரிக்கரையிலை ஓடுறனான். போன் தூரம் காட்டுது. இண்டைக்கு 2400 மீற்றர், 13 நிமிசம் 48. வலமும் இல்லை இடமும் இல்லை, நேர் றோட்டு. நீ சொன்னது சரிதான்.'

ஒரு சிரிப்பு முகமும் வைத்திருந்தாள்.

ஏதோ ஒரு பகிடி எழுதத் தொடங்கி அழித்தேன். உண்மையை எழுதத் தொடங்கி அதையும் அழித்தேன். கடைசியில் 'கெட்டிக்காரி' என்று மட்டும் அனுப்பினேன்.

அடுத்த நாள் விடியப்புறம் வீதி வாசலில் செருப்பைக் கழற்றினேன். சாரத்தை மடித்துக் கட்டினேன். அப்பா இன்னும் நடை திறக்கவில்லை. மணல் குளிர்ந்து கிடந்தது. தேர்முட்டிப் படியில் பத்துச் சிப்பிகளும் நான் விட்ட இடத்திலேயே கிடந்தன. கீழே தேடி இன்னொன்று எடுத்து வைத்தேன்.

மூன்றாவது சுற்றில் விலா குத்தியது. ஆறாவதில் தேர்முட்டியடியில் சத்தி எடுத்தேன், அவள் எடுத்த அதே இடத்தில். தம்பிராசா அண்ணை கடைப் பலகையைக் கழற்றிக்கொண்டு பார்த்தார்.

"என்ன சின்ன ஐயா, ஆர் துரத்தினம்?"

கையை ஆட்டிவிட்டு ஓடினேன். அவர் உள்ளே போய்க் கேத்திலை அடுப்பில் வைத்தார்.

எட்டு. ஒன்பது. சறோஜினிதேவி மாமி பூவோடு வந்து, நான் கடந்து போகும் வரை ஒதுங்கி நின்றா. பத்தாவது முடிந்து, "நிப்பாட்டு" என்று நான் கத்துகிற படி வந்தது. அதில் யாரும் இருக்கவில்லை.

அதைத் தாண்டி வலப்பக்கமாகத் திரும்பினேன்.